முட்டையை நிறுத்தாதீர்கள், அது வேறு புரதம்

கேள்வி: ஏற்காட்டில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 61 வயது, காப்பித் தோட்டத்தில் வேலை. வலது குதிகாலில் கறுப்பாக ஒரு புண் வந்தது. கால் ஆணி என்று நினைத்து ஒரு வருடம் மருந்து வைத்தோம், ஆறவில்லை. சேலத்தில் சதை எடுத்து டெஸ்ட் செய்ததில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்று வந்தது. குதிகாலில் ஆபரேஷன் செய்து, தொடை இடுக்கில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். அதில் நான்கில் புற்று பரவியிருந்ததாம். இப்போது இடுக்கில் 20 நாள் கரண்ட் வைக்கச் சொல்கிறார்கள். ஆனால் தோல் புற்று செல்களில் இருக்கும் புரதங்கள் கதிர்வீச்சை எதிர்த்து நிற்க உதவுகின்றன என்று என் தம்பி போனில் படித்திருக்கிறான். அதனால் அப்பாவுக்குப் புரதமே கொடுக்கக் கூடாது என்கிறான். ஒரு மாதமாக முட்டை, பருப்பு, பால் எல்லாம் நிறுத்திவிட்டோம். நாலு கிலோ இளைத்து இப்போது 50 கிலோ இருக்கிறார். புற்று எதிர்த்து நிற்கும் என்றால் கரண்ட் எதற்கு? எந்தப் புரதம் என்று டெஸ்ட் எடுத்துப் பார்க்க முடியாதா? மஞ்சள் மாத்திரை, வைட்டமின் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். இன்று ராத்திரியே அப்பாவுக்கு ஒரு முட்டையை வேகவைத்துக் கொடுங்கள். முடிந்தால் இரண்டு. கதிர்வீச்சு சிகிச்சை மருத்துவராகச் சேலத்தில் பல வருடங்களாக இருக்கிறேன், புற்றுநோய் என்ற சொல்லுக்கெல்லாம் பதறுவதில்லை. உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்த வரி, அந்த நாலு கிலோதான்.

தம்பியைத் திட்டாதீர்கள். அவர் படித்தது பொய் இல்லை. புற்று செல்லுக்குள் சில புரதங்கள் கதிர்வீச்சின் வேலையைக் கெடுக்கின்றன என்பது உண்மை, அதைப் பற்றித்தான் கீழே நிறைய எழுதப் போகிறேன். ஆனால் அந்தப் புரதத்துக்கும் தட்டில் இருக்கும் முட்டைக்கும் பெயர் ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் அவருக்கு வழுக்கிவிட்டது. இப்படி வழுக்கியவர்கள் என்னிடம் வேறு பலரும் வந்திருக்கிறார்கள், நன்றாகப் படித்தவர்கள் உட்பட.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறைக்குப் போயிருக்கிறீர்களா? பழைய கொலுசு, உடைந்த அரைஞாண், நசுங்கிய குங்குமச் சிமிழ், எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் முதலில் உருக்கிவிடுவார்கள். உருகிய பிறகு அது வெறும் வெள்ளி. அடுத்து அது கொலுசாகுமா மெட்டியாகுமா என்பதைப் பட்டறைக்காரரின் அச்சுதான் தீர்மானிக்கும். நீங்கள் கொலுசு கொடுத்தீர்கள் என்பதற்காகக் கொலுசாகவே திரும்பி வராது. வயிறும் குடலும் அந்த உலை. முட்டையோ பருப்போ உள்ளே போனதும் அதன் புரதம் அமினோ அமிலங்களாகச் சிதைந்துவிடும். இருபது வகை அமிலங்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு செல்லும் அவற்றை ரத்தத்திலிருந்து எடுத்து, தன் டிஎன்ஏவில் எழுதியிருக்கும் அச்சுப்படி தனக்கு வேண்டிய புரதத்தை வார்த்துக்கொள்கிறது. கதிரை எதிர்க்கும் புரதத்தின் அச்சு புற்று செல்லுக்குள்ளேயே இருக்கிறது. முட்டையை நிறுத்தினால் அந்த அச்சு அழியாது.

சாப்பாட்டில் புரதம் வராதபோது உடம்பு தன் சொந்தச் சதையைக் கரைத்து அந்த அமிலங்களை ரத்தத்தில் விடும். புற்று செல் அதையும் எடுத்துக்கொள்ளும். ஆக நீங்கள் பட்டினி போட்டது புற்றை இல்லை, அப்பாவின் தொடையையும் தோளையும்தான். ஆபரேஷன் புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். கதிர் பட்டுச் சிவக்கும் தோல் மறுபடி வளர்வதற்கும் வேண்டும்.

கணக்கு சொல்கிறேன். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை புரதம் வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். அப்பாவுக்கு 50 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். ஒரு டம்ளர் பாலிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. சமைப்பதற்கு முன் 50 கிராம் துவரம்பருப்பு என்றால் 11 கிராம். ஒரு கைப்பிடி நிலக்கடலை 7 கிராம். ராகிக் களியிலும் சோற்றிலும் கொஞ்சம் வரும். மொச்சை, கொள்ளு, கோழி, மீன், கருவாடு எது கிடைக்கிறதோ அது. வாய்க்குப் பிடித்ததைக் கொடுங்கள், மூன்று வேளைக்குப் பதில் ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தால் மட்டும் அளவை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இனி தம்பி படித்த விஷயத்துக்கு வருவோம். இதை அவரிடமும் வாசித்துக் காட்டுங்கள்.

மெலனோமா தொடங்குவது தோலுக்கு நிறம் கொடுக்கும் நிறமிச் செல்களில். இந்தச் செல்லின் பிறவி வேலையே வெயிலைத் தாங்குவதுதான். சூரியனின் புற ஊதாக் கதிர் மேலே விழும்போது பக்கத்துச் செல்கள் வாடலாம், உதிரலாம். இது உதிர்ந்துவிட்டால் நிறமி செய்து மற்றவற்றைக் காப்பாற்ற ஆள் இருக்காது. அதனால் எளிதில் சாகாதபடி இதன் உள்ளமைப்பு இருக்கிறது. நல்ல செல்லாக இருக்கும்வரை அந்தப் பிடிவாதம் நமக்கு உதவி. அதே செல் புற்றாக மாறும்போது பிடிவாதத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறது. மெலனோமாவின் கதிர் எதிர்ப்பைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். வெயிலுக்கு நிற்கப் பழகிய செல்லை இன்னொரு கதிரால் அடிக்கப் பார்க்கிறோம். (உள்ளங்காலில் வந்ததற்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லை. நம் ஆட்களுக்கு மெலனோமா அதிகம் வருவது வெயிலே படாத பாதத்தில்தான். செருப்புப் போடாமல் தோட்டத்தில் நடந்தார் என்று வீட்டில் யாராவது அவரைக் குறை சொன்னால் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.)

கரண்ட் என்று ஊரில் சொல்கிறோமே தவிர, உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. அது நெஞ்சுப் படம் எடுக்கும் எக்ஸ்ரேயின் உறவுதான், பல மடங்கு வலுவானது. அது செல்லுக்குள் நுழைந்து டிஎன்ஏ இழைகளை அறுக்கிறது. பாதிக்கு மேல் நேரடியாக அறுப்பது கூட இல்லை. செல்லில் இருக்கும் தண்ணீரைச் சிதைத்து, அதிலிருந்து பிறக்கும் துடிப்பான துணுக்குகள் போய் டிஎன்ஏவைத் தாக்குகின்றன. அளவை கிரே என்று சொல்வோம். ஒரு கிரே கொடுத்தால் ஒரு செல்லில் ஆயிரம் இடத்தில் டிஎன்ஏவின் ஒரு இழை அறும், சுமார் 40 இடத்தில் இரண்டு இழையும் சேர்ந்தே அறும். ஒற்றை இழை அறுந்தால் செல் பொருட்படுத்தாது, எதிர் இழையைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். இரட்டை அறுப்புதான் கொல்லும். 20 நாள் என்றால் பெரும்பாலும் மொத்தம் 48 கிரே, நாளொன்றுக்கு 2.4 கிரே என்று திட்டம் இருக்கும். அதாவது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு செல்லிலும் நூறுக்குப் பக்கத்தில் இரட்டை அறுப்பு.

இங்கேதான் புரதங்கள் வருகின்றன.

அம்மாப்பேட்டையிலோ குகையிலோ உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால் தறி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பாவில் ஒரு இழை அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்துவார். அறுந்த நுனிகளைத் தேடி எடுத்து, முறுக்கி, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மறுபடி ஓட்டுவார். செல்லுக்குள்ளும் இதே வரிசைதான் நடக்கிறது, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு புரதம். டிஎன்ஏ இரண்டாக அறுந்த சில வினாடிகளிலேயே கு-70, கு-80 என்ற ஜோடி வந்து அறுந்த நுனிகளில் வளையம் போல மாட்டிக்கொள்கிறது. (கு என்பது, இந்தப் புரதம் முதலில் யாருடைய நோயை ஆராயும்போது தெரியவந்ததோ அந்த ஜப்பானிய நோயாளியின் பெயரில் இருக்கும் முதல் இரண்டு எழுத்து.) ஏடிஎம் என்று இன்னொன்று. பணம் எடுக்கும் ஏடிஎம் இல்லை, சங்கு ஊதும் ஏடிஎம். அறுந்த இடத்தைச் சுற்றிலும் அடையாளம் வைத்து, செல் பிரிவதை நிறுத்தச் சொல்லி, பழுது பார்ப்பவர்களைக் கூப்பிடுவது இதன் வேலை. அப்புறம் வருகிற கூட்டத்துக்கு இரண்டு வழி. அவசர வழி, இரண்டு நுனியையும் பிடித்து அப்படியே முடிச்சுப் போடுவது. கொஞ்சம் எழுத்து தொலையும், ஆனால் இழை நிற்கும். நிதான வழி, செல் பிரிவதற்காக எடுத்து வைத்திருக்கும் நகலைப் பக்கத்தில் வைத்து, அதைப் பார்த்து விட்ட இடத்தை அச்சுப் பிசகாமல் நெய்வது. ராட்-51, பிராக்கா-2 போன்ற புரதங்கள் அந்த வேலையைப் பார்க்கும்.

ஏடிஎம் வைக்கும் அந்த அடையாளங்களை ஒரு பயிற்சியின்போது நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். கதிர் கொடுத்த அரை மணியில் செல் முழுக்க ஒளிரும் புள்ளிகள், அறுந்த இடத்துக்கு ஒன்று. மறுநாள் அதே செல்களைப் பார்த்தால் பெரும்பாலான புள்ளிகள் இல்லை, பழுது முடிந்துவிட்டது. எதிர்ப்பு அதிகமுள்ள செல்களில் புள்ளிகள் இன்னும் சீக்கிரம் மறையும். எனக்கு வேலையில் கொஞ்சம் அகந்தை இருந்த காலம் அது. அந்தக் கண்ணாடித் துண்டு அதைக் குறைத்தது.

பழுதைச் சரிசெய்ய முடியாவிட்டால் நல்ல செல் தானே செத்துவிடும். அந்த முடிவை எடுக்கும் பெரியவர் பி53 என்ற புரதம். மனிதப் புற்றுநோய்களில் சுமார் பாதியில் இந்தப் பெரியவரே உடைந்துபோயிருப்பார். மெலனோமா செய்வது வேறு தந்திரம். பெரும்பாலும் பெரியவர் முழுசாக இருப்பார், ஆனால் எம்டிஎம்2, எம்டிஎம்4 என்ற புரதங்கள் அவர் வாயைப் பொத்திவிடும். அவர் தப்பித்தவறி ஒரு சொல் சொன்னாலும், பிசிஎல்-2 என்ற காவல்காரன் சாவுக்கான கதவைத் திறக்க விடமாட்டான். இந்த பிசிஎல்-2 நல்ல நிறமிச் செல்லிலேயே தாராளமாக இருப்பது. நான் மேலே சொன்ன பிறவிப் பிடிவாதத்தின் பெரும்பங்கு இதுதான்.

இன்னும் உண்டு. கருநிறமியே கதிரால் பிறக்கும் துணுக்குகளைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். குளூட்டாதையோன் என்ற காப்புப் பொருளைச் செய்யும் நொதிகளும் அதே வேலைக்குத் துணை. நொதி என்றாலும் புரதம்தான். கட்டியின் நடுவில் ரத்த ஓட்டம் போதாமல் பிராணவாயு குறையும்போது, ஹிஃப்-1 என்ற புரதம் செல்லுக்கு மூச்சுத் திணறலிலும் பிழைக்கக் கற்றுக்கொடுக்கிறது. பிராணவாயு இல்லாத செல்லைக் கொல்ல ஏறக்குறைய மூன்று மடங்கு கதிர் வேண்டும். பிராஃப் என்ற புரதம் கோளாறாகி, 'வளர், வளர்' என்று ஓயாமல் உத்தரவிடுவது ஒரு பக்கம். வெள்ளைக்காரர்களின் தோல் மெலனோமாவில் பாதிக்குப் பக்கம் இந்தக் கோளாறு இருக்கிறது, இதை 2002ல் கண்டுபிடித்தார்கள். உள்ளங்காலில் வரும் வகையில் இது குறைவு.

இவ்வளவையும் படித்தால் உங்கள் கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். பிறகு எதற்குக் கரண்ட்?

இந்தப் பழுதுபார்க்கும் புரதங்கள் எதுவும் புற்று தனக்கென்று கண்டுபிடித்தவை இல்லை. உங்கள் உடம்பில், என் உடம்பில், அப்பாவின் இடுக்குத் தோலில், எல்லாவற்றிலும் இருக்கின்றன. ஏடிஎம் புரதம் பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு மற்றவர்களுக்குக் கொடுக்கும் அளவு கதிரைக் கொடுத்தால் நல்ல தோலும் சதையுமே தாங்காது, உயிருக்கே ஆபத்தாக முடியும். ஆக, புற்றைக் காப்பாற்றும் அதே புரதம்தான் 20 நாளும் அப்பாவின் நல்ல சதையையும் காப்பாற்றப் போகிறது. கதிரை ஒரே நாளில் கொட்டாமல் நாள் நாளாகப் பிரித்துக் கொடுப்பதே இதை நம்பித்தான். இன்று சாயங்காலத்துக்கும் நாளைக் காலைக்கும் நடுவில் நல்ல செல்கள் முடிச்சுப் போட்டு எழுந்துவிடும். புற்று செல்லும் முடிச்சுப் போடும். ஆனால் அது அவசரக்காரன், பழுது முடிவதற்குள் பிரியக் கிளம்பும். தப்பாகப் போட்ட முடிச்சோடு பிரியும்போது ஒன்றிரண்டு தலைமுறையில் சிக்கிச் சாகும். அதனால்தான் கட்டி கரண்ட் வைத்த அன்றே கரைவதில்லை, வாரக்கணக்கில் சுருங்கும்.

எதிர்ப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நாம் மதில் சுவரை நினைத்துக்கொள்கிறோம். நான் பார்க்கும் மெலனோமா மேட்டூர் அணைச் சுவர் மாதிரி இல்லை, வயல் வரப்பு மாதிரி. வேறு புற்றைவிடத் தண்ணீரைக் கூடுதலாகத் தடுக்கும், ஆனால் உடையும். ஒரு காலத்தில் மருத்துவர்களே இதைச் சுவர் என்று நம்பினார்கள். சின்னச் சின்ன அளவை இது பழுது பார்த்துக்கொள்கிறது, அதனால் பெரிய பெரிய அளவாக அடித்தால்தான் மசியும் என்று எண்ணினார்கள். அமெரிக்காவில் இதைச் சோதித்து 1991ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு 8 கிரே வீதம் 4 தடவை, இன்னொரு பிரிவுக்கு 2.5 கிரே வீதம் 20 தடவை. இரண்டு பிரிவிலும் பத்துக்கு ஆறு பேர் கணக்கில் கட்டி முழுதாகவோ பாதிக்கு மேலோ கரைந்தது. பெரிய அடிக்குத் தனிப் பலன் இல்லை, சின்ன அடிக்கு மசியாமலும் இல்லை.

உங்கள் அப்பாவின் நிலைமைக்கே நேராகப் பொருந்தும் ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இருந்தவர்கள் முன்னின்று, 250 மெலனோமா நோயாளிகளை வைத்து நடத்தியது. நெறிக்கட்டிகளை எடுத்த பிறகு அந்த இடத்திலேயே நோய் திரும்ப வர வாய்ப்பு அதிகம் உள்ளவர்களை மட்டும் சேர்த்தார்கள். தொடை இடுக்கு என்றால் மூன்று அல்லது அதற்கு மேல் கட்டிகளில் புற்று இருந்தவர்களைச் சேர்த்தார்கள். அப்பாவுக்கு நான்கு. பாதிப் பேருக்கு 20 தடவையாக 48 கிரே கொடுத்தார்கள், பாதிப் பேருக்குக் கொடுக்காமல் கவனித்தார்கள். கதிர் வாங்காதவர்களில் 100க்கு 36 பேருக்கு அதே இடத்தில் மறுபடி கட்டி வந்தது. வாங்கியவர்களில் 21 பேருக்கு. அத்தனை புரதங்களும் அந்த 250 பேரின் புற்றிலும் இருந்திருக்கும், அதையும் மீறித்தான் இந்த வித்தியாசம்.

பூசி மெழுகாமல் மீதியையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆய்வில் கதிர் வாங்கியவர்கள் வாங்காதவர்களைவிட அதிக நாள் வாழ்ந்தார்கள் என்று தெரியவில்லை. நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ ஏற்கெனவே கிளம்பிப் போன செல்லை இடுக்கில் வைக்கும் கரண்ட் ஒன்றும் செய்யாது. கால் வீக்கம் கதிர் வாங்கியவர்களுக்குக் கூடுதலாக வந்தது. அப்படியானால் ஏன் இதை ஒப்புக்கொள்ளச் சொல்கிறேன்? இடுக்கில் திரும்ப வரும் கட்டி எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், ரத்தம் கசியும், நாற்றத்தால் மனுஷன் வீட்டுத் திண்ணையில் உட்காரக் கூசுவார். அதைத் தடுப்பதே பெரிய விஷயம் என்பது என் எண்ணம். வேறு மருத்துவர், முதலில் நோய் எதிர்ப்பு மருந்தைக் கொடுத்துப் பார்ப்போம், கதிரைக் கையில் வைத்திருப்போம் என்றும் சொல்லலாம். அதுவும் தப்பில்லை. எது ஏன் என்று உங்கள் மருத்துவரிடம் உட்கார்ந்து கேளுங்கள், அவருக்குக் கோபம் வராது.

'எதிர்க்கும்' என்ற சொல்லை நானே ஒருமுறை அலட்சியமாகப் பயன்படுத்தியிருக்கிறேன். தொழிலில் புதிது. ஒரு பெரியவருக்கு மெலனோமா, என்னைவிட மூத்த மருத்துவர் ஒருவர் கதிர் எழுதி அனுப்பியிருந்தார். 'இந்த வகை கதிருக்கு அவ்வளவாக அசையாதுங்க' என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பெரியவர் தலையாட்டிவிட்டு, கதிர் வாங்காமலே போனார். ஐந்து மாதம் கழித்து, துண்டைச் சுற்றி ரத்தம் நனைய வந்தார். அப்போது ஐந்து நாள் கதிர் கொடுத்தோம். மூன்றாம் வாரம் ரத்தம் நின்றது, கட்டியும் பாதியானது. 'அசையாதுன்னீங்களே' என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு மறக்கவில்லை.

டெஸ்ட் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஆளுக்குக் கதிர் பலிக்கும், இந்த ஆளுக்குப் பலிக்காது என்று புரதத்தைப் பார்த்துப் பிரிக்கும் டெஸ்ட் எதுவும் இன்றைக்கு வழக்கமான சிகிச்சையில் இல்லை. அப்படி ஒன்றை யாராவது விலை சொல்லி விற்றால் வாங்காதீர்கள். ஆனால் எடுத்த கட்டியில் பிராஃப், கிட் என்ற இரண்டு புரதங்களிலும் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அது கதிருக்காக இல்லை, நோய் பரவினால் எந்த மாத்திரை உதவும் என்று தெரிந்துகொள்ள. பிராஃபைத் தடுக்கும் மாத்திரை ஏதாவது தொடங்கியிருந்தால் கதிர் கொடுக்கும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அந்த மாத்திரையும் கதிரும் ஒன்றாகச் சேர்ந்தால் தோல் மோசமாக வெந்துபோகும். இப்படிப் பல நாள் கொடுக்கும் கதிர் என்றால், தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பிருந்து முடிந்து மூன்று நாள் வரைக்கும் மாத்திரையை நிறுத்தி வைப்பது வழக்கம்.

அப்படியானால் அந்தப் பழுதுபார்க்கும் புரதங்களையே மருந்தால் கட்டிப்போட முடியாதா என்று தம்பி கேட்பார். முயற்சிகள் நடக்கின்றன. சிக்கல், நான் மேலே சொன்னதுதான். கு-வையோ ஏடிஎம்மையோ கட்டினால் நல்ல சதையும் பழுது பார்க்க முடியாமல் போகும். புற்றை மட்டும் குறிபார்த்துக் கட்டும் வழி கைக்கு வந்தால் என் வேலை பாதி சுலபமாகிவிடும்.

இன்னொரு புரதத்தில்தான் நிஜமான வெற்றி கிடைத்திருக்கிறது. பிடி-எல்1 என்று ஒன்று. புற்று செல் இதை மேலே போர்த்திக்கொண்டு, 'நான் நம்மாள்தான்' என்று நோய் எதிர்ப்புச் செல்களை ஏமாற்றிவிடும். கதிர் பட்டால் சில கட்டிகளில் இந்தப் போர்வை இன்னும் கெட்டியாகும். நோய் எதிர்ப்புச் செல்களின் மேல் விழும் இப்படிப்பட்ட தடைகளை விலக்கும் வழியைக் காட்டியதற்காகத்தான் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். மெலனோமாவின் தலையெழுத்தை மாற்றியது இந்தத் தடைகளை விலக்கும் ஊசிகள்தான், கதிர் இல்லை என்று கதிர் மருத்துவனான நானே ஒப்புக்கொள்கிறேன். உள்ளங்கால் வகைக்குப் பலன் சற்றுக் குறைவு, செலவோ மலை. அப்பாவுக்குப் பொருந்துமா, முதலமைச்சர் காப்பீட்டில் எதெல்லாம் வரும் என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் இப்போதே கேட்டு வையுங்கள். கதிர் சிகிச்சை அதில் வரும்.

மாத்திரைகள் வேண்டாம். ரசத்திலும் குழம்பிலும் போடும் மஞ்சளைப் பற்றி நான் சொல்லவில்லை, அது எப்போதும் போல இருக்கட்டும். டப்பாவில் வரும் அதிக அளவு மஞ்சள் மாத்திரை, வைட்டமின் ஈ, சி போன்றவற்றைக் கதிர் முடியும்வரை நிறுத்துங்கள். கதிரால் பிறக்கும் அந்தத் துணுக்குகளை அணைப்பதுதான் இந்த மாத்திரைகளின் பெருமை. கதிர் வேலை செய்வதே அந்தத் துணுக்குகளால்தானே. தம்பி பயப்பட வேண்டியது இதற்கு, முட்டைக்கு அல்ல.

கடைசியாக, போக்குவரத்து. ஏற்காட்டில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, 2 நிமிடம் கரண்ட் வாங்கி, மறுபடி ஏறிப் போவது என்றால் இடுக்கில் ஆபரேஷன் ஆனவருக்கு ஒரு வாரத்திலேயே சலித்துவிடும். பிறகு மழை, பஸ் வரவில்லை என்று ஒரு நாள் விடும், இரண்டு நாள் விடும். விட்ட நாளில் புற்று செல்கள் ஓய்வெடுக்காது, பெருகும். வாரத்துக்கு ஐந்து நாள், நாலு வாரம். சேலத்தில் சொந்தக்காரர் யார் வீட்டிலாவது தங்கவைக்க முடியுமா பாருங்கள், சனி ஞாயிறு மட்டும் மலைக்கு வரட்டும். இரண்டாம் வாரத்துக்குப் பிறகு இடுக்குத் தோல் சிவந்து எரியும், கடைசியில் ஈரமாக உரியலாம். தளர்ந்த பருத்தி வேட்டி, உள்ளாடை இல்லாமல். பவுடர், தைலம், சந்தனம் எதுவும் அங்கே கூடாது. கால் வீங்க ஆரம்பித்தால் முடியும்வரை காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள், இறுக்கமான காலுறையும் பயிற்சியும் முதலிலேயே தொடங்கினால்தான் அடங்கும்.

ஸ்கேன் எடுத்த அன்று அப்பாவின் இடுப்பிலும் தொடையிலும் மையால் கோடு போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் தினமும் கதிரைக் குறிவைப்பார்கள். எடை நாலு கிலோ குறைந்ததில் அந்தக் கோடுகள் இடம் நகர்ந்திருக்கலாம். அதனால் தொடங்கும் நாளன்று, 'இளைத்திருக்கிறார், ஒரு தடவை சரிபாருங்கள்' என்று டெக்னீஷியனிடம் நீங்களே சொல்லுங்கள். அப்பாவிடமும், சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிக்க வேண்டாம், தண்ணீர் ஊற்றினால் போதும் என்று சொல்லிவிடுங்கள்.